சகுனம் யாருடைய செலவில்?

சென்னையிலோ மதுரையிலோ யாராவது என் ஊரைக் கேட்டால், பதில் சொன்னதும் ஒரு கணம் பேச்சு நின்றுபோகும். "கொள்ளேகாலா?" என்பார்கள். பிறகு ஒரு சிரிப்பு. அதன் பிறகு பாதி விளையாட்டாகவும் பாதி நிஜமாகவும் ஒரு கேள்வி வரும்: "அங்கே நல்ல ஆள் யாரையாவது தெரியுமா?" நல்ல ஆள் என்றால் நல்ல மந்திரவாதி. ஊர் பெயரைச் சொன்னாலே போதும், மொழிபெயர்ப்புக்கு வர வேண்டிய சன்மானம் பயந்துகொண்டு மறுநாளே வந்துவிடும் என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. இதுவரை அப்படி நடந்ததில்லை.

கொள்ளேகாலுக்கு வேறு அடையாளங்கள் உண்டு. இது பட்டு நெசவு ஊர். 1956 வரை சென்னை மாகாணத்தின் கோவை மாவட்டத்தைச் சேர்ந்தது. மொழிவாரி மாநிலப் பிரிவினையில் மைசூர் மாவட்டத்துக்குப் போய், 1997-ல் சாமராஜநகர் மாவட்டத்துக்கு வந்தது. கடைத்தெருவில் கன்னடமும் தமிழும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நடக்கும். பக்கத்தில் காவிரி சிவசமுத்திரத்தில் விழுகிறது. அந்த நீரிலிருந்து 1902-லேயே மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கவயலுக்கு அனுப்பினார்கள். இந்த வட்டாரம் மின்சாரத்துக்காக நினைக்கப்பட்டிருக்கலாம். ஆனால் தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு கொள்ளேகால் என்றால் எலுமிச்சம்பழமும் மண்டை ஓடும்தான்.

இரண்டு மொழிகளுக்கு நடுவே பிழைக்கிறவர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை தெரியும். தமிழில் 'செய்வினை' என்கிறோம். கன்னடத்தில் 'மாட்ட' என்பார்கள். அங்கே 'மாடு' என்றால் 'செய்' என்று பொருள். இரு மொழிகளிலும் சூனியத்துக்குப் பெயர் வெறும் 'செய்தல்'தான். யாரோ எங்கோ உட்கார்ந்து நமக்கு எதிராக எதையோ செய்துவிட்டார்கள் என்பதே அந்தப் பயத்தின் சாரம். அந்த யாரோ எப்போதும் அடுத்த ஊர்க்காரர். தமிழ்நாட்டார் கொள்ளேகாலைக் காட்டுவார்கள். கொள்ளேகாலில் விசாரித்தால், "அசல் ஆட்கள் எல்லாம் மலையாளத்தில் இருக்கிறார்கள்" என்று பதில் வரும். மந்திரம் எப்போதும் மலைக்கு அந்தப் பக்கம்தான் பலிக்கிறது.

இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு மூடநம்பிக்கையைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியாது. அன்றாடம் நாம் பார்க்கும் சகுனமும் நேரமும் யாருக்கும் கெடுதல் இல்லாத பழக்கங்களா, அல்லது முயன்று விட வேண்டியவையா? இந்தக் கேள்விக்கு இரண்டு கட்சிகள் உண்டு. ஒன்று, எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் காவிரியில் போடு என்கிறது. மற்றது, பாட்டி சொன்னதில் ஏதோ அர்த்தம் இருக்கும் என்கிறது. இரண்டுமே எல்லாப் பழக்கங்களையும் ஒரே தராசில் போடுகின்றன.

வீட்டிலிருந்து புறப்படும் யாரும் "போகிறேன்" என்று சொல்வதில்லை. "போய்விட்டு வருகிறேன்" என்போம். இங்கே கன்னடக்காரர்களும் அப்படியே. விளக்கை 'அணை' என்று சொல்லக் கூசி 'மலையேற்று' என்கிறோம். இறந்தாரைத் துஞ்சினார் என்றும் சுடுகாட்டை நன்காடு என்றும் சொல்வதற்கு நன்னூல் 'மங்கலம்' என்று பெயர் கொடுத்து இலக்கணத்திலேயே இடம் ஒதுக்கியிருக்கிறது. அமங்கலமான சொல்லைச் சொன்னால் அமங்கலம் வந்துவிடும் என்ற பயம்தான் இவற்றின் வேர். பயம் போய்விட்டது, பண்பு தங்கிவிட்டது. இதை ஒழித்து யாருக்கு என்ன லாபம்?

செவ்வாய்க்கிழமை முடி வெட்டிக்கொள்ளாதவர் புதன்கிழமை வெட்டிக்கொள்கிறார். ராகு காலம் முடியட்டும் என்று வாசல் திண்ணையில் ஒன்றரை மணி நேரம் காத்திருப்பவர் தன் நேரத்தைத்தான் செலவழிக்கிறார். பூனை குறுக்கே போனதும் திரும்பி வந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறவருக்குத் தாகம் தணிகிறது. பரீட்சைக்குப் போகும் பையன் அதிர்ஷ்டப் பேனாவைத் தேடுவதும் இந்த வகைதான். நம் கையில் இல்லாத ஒன்றுக்குப் பயப்படும்போது கையில் உள்ள ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்வது மனித சுபாவம். வெளிநாட்டில் 13-ம் எண் மாடியே இல்லாத கட்டடங்களைக் கட்டுகிறார்கள். அதில் ஏறி இறங்குகிறவர்கள் எல்லோரும் படித்தவர்கள்தான்.

ஆனால் அடுத்த படியில் கதை மாறுகிறது. ஆயுத பூஜை முடிந்ததும் திருஷ்டி கழிக்கப் பூசணிக்காயை நடுரோட்டில் போட்டு உடைக்கிறோம். கடைக்காரரின் திருஷ்டி கழிந்துவிடுகிறது. இரவு பத்து மணிக்கு ஸ்கூட்டரில் வருகிற யாரோ ஒருவர் அதில் வழுக்கி விழுகிறார். நம்பிக்கை கடைக்காரருடையது, முறிந்த கை மற்றவருடையது. ஒவ்வோர் ஆண்டும் காவல்துறையும் நகராட்சிகளும் சாலையில் உடைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிற அளவுக்கு இது சகஜம். அதே பூசணிக்காயைக் கடை ஓரத்தில் உடைத்துவிட்டு அள்ளிப் போட்டிருந்தால் யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

எனக்குத் தெரிந்த அளவுகோல் இதுதான். ஒரு நம்பிக்கை அறிவியலுக்கு ஒத்துவருகிறதா என்று கேட்பதற்கு முன், அதன் செலவு யார் கணக்கில் எழுதப்படுகிறது என்று கேட்க வேண்டும். நம்புகிறவரே செலவை ஏற்றுக்கொண்டால் அது பழக்கம். இன்னொருவர் தலையில் கட்டினால் அது அநியாயம். அதற்குச் சகுனம் என்று பெயர் இருப்பதால் மன்னித்துவிட முடியாது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், ரொம்பச் சாதாரணமாகத் தோன்றுகிற சில வழக்கங்கள் பயங்கரமாகத் தெரிகின்றன. கணவனை இழந்தவர் எதிரே வந்தால் ஆகாது என்பதில் ரத்தம் இல்லை, மண்டை ஓடு இல்லை. புறப்பட்டவர் ஒரு நிமிடம் உள்ளே போய் உட்கார்ந்து எழுந்தால் முடிந்தது. அவருக்கு ஒரு நிமிடம்தான் செலவு. எதிரே வந்த பெண்ணுக்கோ, வாழ்நாள் முழுவதும் யாராவது வெளியே கிளம்புகிறார்களா என்று பார்த்துப் பார்த்துத் தெருவில் கால் வைக்க வேண்டிய நிலைமை. தான் பெற்று வளர்த்த மகளின் கல்யாணத்தில் தாயே தூணுக்குப் பின்னால் நிற்கும் காட்சியை இப்போதும் மண்டபங்களில் பார்க்கலாம். யாரும் அவரைப் போகச் சொல்வதில்லை. அவராகவே நகர்ந்துகொள்கிறார். அப்படிப் பழக்கிவிட்டிருக்கிறோம்.

நட்சத்திரங்களும் அப்படித்தான். மூலம் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, கேட்டை மூத்த மைத்துனனுக்கும் விசாகம் இளைய மைத்துனனுக்கும் ஆகாது. எல்லாம் பெண்ணின் நட்சத்திரங்கள். மாப்பிள்ளையின் நட்சத்திரம் பெண் வீட்டில் யாரையும் தொந்தரவு செய்வதில்லை! 'ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்' என்ற பழமொழி திரிந்துபோன வழக்கு, மூலம் 'ஆனி மூலம், பின் மூலம்' என்றுதான் இருந்தது என்று விளக்குவோர் உண்டு. தமிழ் படித்தவர்களுக்குப் பிடித்தமான விவாதம். ஆனால் ஜாதகம் திரும்பி வந்த பெண்ணுக்குப் பாடபேதத்தால் என்ன ஆறுதல்? பிறந்த நேரத்துக்காக ஒருத்தியைத் தண்டிப்பது, பாடம் சரியாக இருந்தாலும் தவறுதான்.

தனி மனிதர்களுக்கு மட்டும் இப்படிப் பழி விழுவதில்லை. ஓர் ஊருக்கே அபசகுனம் என்று பெயர் வைத்துவிடலாம். அதைப் பார்க்க எனக்கு வெகு தூரம் போக வேண்டியதில்லை. எங்கள் மாவட்டத் தலைநகரமே போதும்.

சாமராஜநகருக்குக் கால் வைக்கும் முதலமைச்சர் பதவி இழப்பார் என்பது கர்நாடக அரசியலின் பிரபலமான நம்பிக்கை. அதற்கு ஆதாரமாக ஒரு பட்டியலையும் ஒப்பிப்பார்கள். 1980-ல் தேவராஜ் அர்ஸ், 1983-ல் குண்டுராவ், 1988-ல் ராமகிருஷ்ண ஹெக்டே, 1989-ல் எஸ்.ஆர். பொம்மை, 1990-ல் வீரேந்திர பாட்டீல் என்று ஐந்து பேர் அடுத்தடுத்துப் போனார்கள். எல்லோரும் இந்த ஊருக்கு வந்தவர்கள் என்பது கதை.

பட்டியலை ஒரு பத்திரிகையாளர் படித்தால் வேறு விதமாகப் படிப்பார். அர்ஸ் இந்திரா காந்தியுடன் மோதிப் பிரிந்தார். 1980 மக்களவைத் தேர்தலில் இந்திரா அலை அடித்ததும் அவருடைய எம்.எல்.ஏ.க்கள் அணி மாறினார்கள். குண்டுராவ் விவசாயிகள் போராட்டத்தையும் கோகாக் மொழிப் போராட்டத்தையும் சந்தித்துத் தேர்தலில் தோற்றார். ஹெக்டே தொலைபேசி ஒட்டுக்கேட்பு விவகாரத்தில் ராஜினாமா செய்தார். பொம்மையின் ஆட்சி கட்சித் தாவலில் ஆட்டம் கண்டு கலைக்கப்பட்டது. அந்தக் கலைப்பை ஒட்டித்தான் 1994-ல் உச்ச நீதிமன்றத்தின் புகழ்பெற்ற தீர்ப்பு வந்தது. வீரேந்திர பாட்டீல் நோய்வாய்ப்பட்டிருந்தார், மாநிலத்தில் கலவரம் நடந்தது, கட்சி மேலிடம் அவரை மாற்றியது. ஐந்து பேருக்கும் ஐந்து காரணங்கள். எதுவும் சாமராஜநகர் பஸ் நிலையத்தில் நடந்ததல்ல.

ஆனாலும் பயம் நின்றது. 1997-ல் ஜே.எச். பட்டேல் சாமராஜநகர் மாவட்டத்தைத் தொடங்கி வைத்தபோது விழா மாவட்டத் தலைநகரில் நடக்கவில்லை. மலை மாதேஸ்வரன் மலையில் நடந்தது. கல்யாணம் ஓர் ஊரில், மாப்பிள்ளை வேறு ஊரில் என்பது போல. இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் 1999 தேர்தலில் அவர் ஆட்சி போயிற்று. ஊரைத் தவிர்த்தவர்கள் என்று சொல்லப்படும் எஸ்.எம். கிருஷ்ணாவும் தரம் சிங்கும் பதவியில் நிரந்தரமாக இருந்துவிடவில்லை. 2007-ல் வந்துபோன குமாரசாமி அதே ஆண்டு பதவி இழந்ததை மட்டும் எல்லோரும் நினைவில் வைத்துக்கொண்டார்கள். வந்தவர் விழுந்தால் ஊர் காரணம், வராதவர் விழுந்தால் அரசியல் காரணம். சகுனத்தின் கணக்குப் புத்தகத்தில் எப்போதும் வரவு மட்டும்தான் எழுதுவார்கள்.

2013 அக்டோபரில் சித்தராமையா முதலமைச்சராக இங்கே வந்தார். பிறகும் பலமுறை வந்தார். ஐந்தாண்டு ஆட்சியை முழுதாக முடித்தார். அர்ஸுக்குப் பிறகு கர்நாடகத்தில் அப்படி முடித்தவர் அவர்தான். நம்பிக்கை அதோடு செத்திருக்க வேண்டும். ஆனால் 2018 தேர்தலில் அவர் ஆட்சி போனதும், "பார்த்தீர்களா, பலித்துவிட்டது" என்றார்கள். 2023-ல் அவர் மறுபடி முதலமைச்சரானதும் அந்தக் குரல் கொஞ்சம் மங்கியது. மறையவில்லை.

இதில் செலவு யார் கணக்கில் என்று பாருங்கள். வராத முதலமைச்சருக்கு ஒரு பயணம் மிச்சம். ஆனால் ஆளுகிறவர் வருகிறார் என்றால்தான் சாலைக்குத் தார் விழும், கோப்புக்குக் கையெழுத்து விழும் என்பது நம் நாட்டு நடைமுறை. மனு கொடுக்க வரிசையில் நிற்க ஒரு கிழவிக்குக் கிடைக்கும் ஒரே நாள் அதுதான். கூலிக்குப் போகிறவர்களும் மலைவாழ் மக்களும் நிறைந்த மாவட்டம் இது. தாங்கள் செய்யாத குற்றத்துக்காக ஊரோடு சேர்த்து ஒதுக்கப்பட்டவர்கள் இவர்கள். எதிரே வந்த விதவைக்கு நேர்ந்தது ஒரு நகரத்துக்கும் நேர்ந்தது.

புறநானூற்றில் கழைதின் யானையார் என்ற புலவர் வல்வில் ஓரியிடம் ஒரு விஷயம் சொல்கிறார். பரிசில் கேட்டுப் போய்க் கிடைக்காமல் திரும்புகிறவர்கள் தாங்கள் பார்த்த பறவையையும் புறப்பட்ட பொழுதையும் நொந்துகொள்வார்களே தவிர, கொடுக்காத வள்ளலைக் குறை சொல்ல மாட்டார்களாம். அதே நூலில் கபிலர், மலையமானிடம் போகிறவர் நாள் பார்க்காமல் போனாலும், பறவை தடுத்தாலும், பேசத் தெரியாமல் பேசினாலும் வெறுங்கையோடு திரும்புவதில்லை என்கிறார். இரண்டு பாட்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று புரிகிறது. கொடுக்கிறவன் ஒழுங்காக இருந்தால் சகுனத்துக்கு வேலை இல்லை. கொடுக்காதபோது அவனைக் காப்பாற்ற ஒரு பறவை தேவைப்படுகிறது. ஆட்சி போனதற்குத் தாங்கள் செய்த அரசியல் காரணம் என்று சொல்வதைவிட ஊரைக் காரணம் சொல்வது எல்லோருக்கும் சௌகரியம்.

அதற்காக, நம்புகிறவர்களை எல்லாம் முட்டாள்கள் என்று ஏசுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. 'மூடநம்பிக்கை' என்ற சொல் தமிழிலும் கன்னடத்திலும் ஒன்றே. மொழிபெயர்க்கக் கஷ்டமே இல்லாத சொல். ஆனால் அது எப்போதும் அடுத்தவருடைய நம்பிக்கைக்குத்தான் பெயர். தன்னுடையதை மூடம் என்று யார் சொல்லிக்கொள்வார்கள்?

எங்களுக்குப் பக்கத்தில் காவிரிக் கரையில் தலைக்காடு இருக்கிறது. கோயில்கள் மணலில் புதைந்த ஊர். அதற்கு ஒரு சாபம் காரணம் என்பார்கள். 1610-ல் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கைப்பற்றிய பிறகு, அங்கே விஜயநகரப் பிரதிநிதியாக இருந்தவரின் மனைவி அலமேலம்மாவின் நகைகளைப் பிடுங்க ஆட்கள் துரத்தினார்கள். அவள் தலைக்காடு மணலாகட்டும், மாலங்கி மடுவாகட்டும், மைசூர் அரசர்களுக்குப் பிள்ளை இல்லாது போகட்டும் என்று சபித்துவிட்டுக் காவிரியில் குதித்தாள் என்பது கதை. 2017 டிசம்பரில் மைசூர் அரச குடும்பத்தில் ஆண் குழந்தை பிறந்தபோதுகூட, சாபம் தீர்ந்ததா என்று பத்திரிகைகள் எழுதின.

மணலுக்கு ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம் வேறு. ஆற்றின் மேற்பகுதியில் பழைய காலத்தில் கட்டிய அணையால் நீரோட்டம் மாறியது, படுகை மணல் வெளியே தெரிந்தது, தென்மேற்குக் காற்று அதை அள்ளிக் கரையில் குவித்தது. எனக்கு இந்த விளக்கம் போதும். ஆனாலும் அந்தக் கதையைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. ஒரு பெண்ணுக்கு அரசன் அநியாயம் செய்தான், அவளுக்கு முறையிட வேறு மன்றம் இல்லை என்பதை நானூறு ஆண்டுகளாக ஞாபகம் வைத்திருப்பது அந்தச் சாபம்தான்.

கொள்ளேகாலைத் தேடி வருகிறவர்களைப் பற்றி நினைக்கும்போதும் இதுதான் தோன்றுகிறது. பஸ் நிலையத்தில் தமிழில் வழி கேட்கிறவர்களில் எதிரிக்குச் சூனியம் வைக்க வருகிறவர்கள் குறைவு. குடிகாரக் கணவன் திருந்த வேண்டும் என்று ஒருத்தி வருவாள். பங்காளி அபகரித்த நிலம் பதினைந்து வருடமாகக் கோர்ட்டில் கிடக்கிறது என்று ஒருவர் வருவார். தானாகச் சிரித்து தானாகப் பேசும் மகனைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு ஒரு தகப்பன் வருவார். ஒவ்வொருவரும் ஒரு போலீஸ் நிலையத்தையோ, ஒரு நீதிமன்றத்தையோ, ஒரு மருத்துவரையோ தேடிக் கிடைக்காமல் வந்தவர்கள். மந்திரவாதி காது கொடுத்துக் கேட்கிறான். அதற்குத்தான் முதல் கட்டணம். பிறகு பரிகாரம், மறு பரிகாரம் என்று தாலி வரை போய்விடும்.

மூன்றாவது ஆளின் கதைதான் மோசமானது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் ஓட முடியாமல் செத்தார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் கொடுமைக்காரர்கள் அல்ல. நோயைப் பேய் என்று நம்பிய பெற்றோரும் உடன்பிறந்தோரும்தான். நம்பிக்கை வீட்டாருடையது, சங்கிலி நோயாளியின் காலில்.

கர்நாடகத்தில் 2017-ல் மனிதத்தன்மையற்ற தீய பழக்கங்களையும் சூனியத்தையும் தடுக்கும் சட்டம் நிறைவேறி, 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஓராண்டு முதல் ஏழாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. எச்சில் இலையில் உருளும் மடே ஸ்நானமும், பேய் ஓட்டுகிறேன் என்று மனிதரை வதைப்பதும் குற்றம். ஜோதிடத்துக்கும் வாஸ்துவுக்கும் யாத்திரைக்கும் காது குத்துவதற்கும் தடை இல்லை. சிலர் இதை அரைகுறைச் சட்டம் என்றார்கள். அரசியல் பயம் இதில் இல்லை என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் இன்னொருவரை வதைப்பது எது, வதைக்காதது எது என்று ஒரு கோடு கிழிக்க அது முயல்கிறது. இப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று மகாராஷ்டிரத்தில் பல ஆண்டுகள் போராடிய நரேந்திர தபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று புணேயில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் அங்கே சட்டம் வந்தது என்பதையும் மறக்கக் கூடாது. பூனைச் சகுனம் பார்ப்பவர்கள் யாரையும் சுடுவதில்லை. அச்சத்தை விற்றுப் பிழைப்பவர்களுக்கு மட்டும்தான் அதைக் கேள்வி கேட்பவன் எதிரி.

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976-ல் நம் அரசியல் சட்டத்தில் சேர்த்தோம். அந்த மனப்பான்மை பாட்டியின் எலுமிச்சம்பழத்தைப் பிடுங்குவதில் தொடங்க வேண்டியதில்லை. அவர் வாசலில் தொங்கவிட்டுப் போகட்டும். தொடங்க வேண்டிய இடம் கல்யாண மண்டபத்துத் தூண். அதற்குப் பின்னால் நிற்கிற பெண்ணைக் கையைப் பிடித்து அழைத்து வந்து, குத்துவிளக்கை ஏற்றச் சொல்ல வேண்டும். ஜாதகத்தைத் திருப்பி அனுப்பும்போது நட்சத்திரத்தைக் காரணம் காட்ட வேண்டாம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். மகன் தனக்குத் தானே பேசினால் முதல் பஸ் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். இதற்கெல்லாம் சட்டம் வேண்டாம். நல்ல நேரமும் பார்க்க வேண்டாம்.